கணக்கில் வராத பத்து நிமிடம்

அந்த முதல் சனிக்கிழமை எங்கள் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்தான்: நான், என் மனைவி, ஆறு வயது முடிந்த எங்கள் மகள், மகளுக்கு டீச்சர் வருகிற சேதி கேள்விப்பட்டுப் பாலவனத்தத்திலிருந்து காலை பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்ட என் அக்கா, மதுரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த டீச்சர். ஆக ஐந்து பேர். வாசலில் பின்சக்கரத்துக்குக் காற்றடிக்க வந்து, உள்ளே நடப்பதைப் பார்ப்பதற்காகவே பம்பை மெதுவாக அமுக்கிக்கொண்டிருந்த ஒருவரையும் சேர்த்தால் ஆறு.

நான் எதையும் இப்படி எண்ணிப் பார்க்கிறவன். வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவனுக்கு அது தொழிலோடு ஒட்டிக்கொண்ட வியாதி. போனது எத்தனை, திரும்பியது எத்தனை, இன்னும் வராதது எது. ஒரு வண்டி வர அரை மணி பிந்தினால் வாசலுக்கு வந்து நின்றுவிடுவேன். வண்டி போய்விட்டதோ என்று முதலில் நினைப்பேன்; ஓட்டிப் போனவன் லாரியில் மாட்டிக்கொண்டானோ என்று அடுத்து நினைப்பேன். இரண்டாவது நினைப்பு வந்ததும் முதலில் நினைத்ததற்காக வெட்கப்படுவேன்.

திருச்சுழியில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் கடை. நடுவில் ஒரு தட்டி, அதற்குப் பின்னால் வீடு. பன்னிரண்டு சைக்கிள்கள். தொண்ணூறுகளின் நடுவில் மணிக்கு ஒரு ரூபாய் வாடகை. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் நாள் முழுக்க எழுதிக்கொண்டிருந்தவன். யார் எடுத்தார், எத்தனை மணிக்கு எடுத்தார், எத்தனை மணிக்கு விட்டார். அவ்வளவுதான் என் படிப்பு.

டீச்சர் ஏன் வந்தார் என்பதற்கு முந்தைய கோடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒருநாள் காலையில் அழத் தொடங்கிய மகள் சாயங்காலம் வரை நிறுத்தவில்லை. சோறு கொடுத்தோம், ஓமத்தண்ணீர் கொடுத்தோம், தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தோம். சபைப் போதகர் வந்து தலையில் கை வைத்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். பொழுது சாயும்போது குளிப்பாட்டப்போன என் மனைவிதான் உள்ளங்காலில் ஒடிந்து கிடந்த சீமைக்கருவேல முள்ளைப் பார்த்தாள். முள் வெளியே வந்த அரை நிமிடத்தில் பிள்ளை தூங்கிவிட்டது.

அந்தக் கால் நாள் முழுக்க எங்கள் மடியில்தான் கிடந்தது. அவள் காலைக் காட்டவில்லை. காட்டலாம் என்பதே அவளுக்குத் தெரியாது. பேச்சு வராததுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஊரில் ஊமைப் பிள்ளைகள் இல்லையா, கையைக் காட்டிக் கேட்டுப் பிழைக்கவில்லையா? இவளோ எதையும் எவரிடமும் கேட்கிறதில்லை. தாகம் எடுத்தால் அழுவாள். தண்ணீரைப் பார்க்கக்கூட மாட்டாள். நாங்கள் இரண்டு பேர் இருக்கும்போதே ஒரு முள்ளைக் கண்டுபிடிக்க ஒரு பகல் ஆயிற்று. நாங்கள் இல்லாத காலத்தில் இவள் யாரிடம் போய் எப்படிக் கேட்பாள்? அன்றைக்கு அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்தது. பிறகு எழுந்திருக்கவில்லை.

மதுரையில் டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்றார். மருந்து என்ன என்று கேட்டேன். "மருந்து இல்லப்பா. பழக்கணும். வீட்டுல வச்சே பழக்கணும்" என்றார். அப்படி வீடுகளுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கிற ஒரு பெண் இருக்கிறார் என்று விலாசம் எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமைதோறும் வருவது, பஸ் செலவோடு சேர்த்து ஒரு தடவைக்கு நாற்பது ரூபாய் என்று பேச்சாயிற்று. நாற்பது மணி நேரம் சைக்கிள் ஓட வேண்டிய பணம்.

அந்த முதல் நாளுக்காக நாங்கள் செய்த ஏற்பாடுகளை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. மகளுக்குக் கிறிஸ்துமஸுக்கு எடுத்த பாவாடையைக் கட்டி, பவுடர் அடித்து, ரிப்பன் வைத்து நாற்காலியில் உட்கார வைத்தோம். முக்கியமாக, அந்தச் சைக்கிளை ஒளித்து வைத்தோம்.

கடையில் ஓட்டத்துக்கு உதவாத பழைய சைக்கிள் ஒன்று இருந்தது. அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் என் மகள் அதன் பின்சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வாள். யாராவது பெடலைச் சுற்றிவிட வேண்டும். அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். சக்கரம் நின்றால் அழுவாள். மறுபடி யாராவது சுற்றிவிடுவோம். விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரை அதுதான். வருகிறவர் அதைப் பார்த்தால் வளர்ப்பு சரியில்லை என்று நினைப்பார் என்று நான்தான் அதைப் பக்கத்துக் கொட்டகையில் கொண்டுபோய்ச் சாக்குப் போட்டு மூடினேன்.

டீச்சர் வந்தார். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். தோளில் ஒரு துணிப்பை. காபியை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். என் மகள் ரிப்பனைப் பிய்த்து எறிந்து, நாற்காலியை விட்டிறங்கி, தட்டியில் தலையை மோதி அலறியதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவ்வப்போது ஒரு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

அக்கா என்னை அடுப்படிக்குள் இழுத்தாள். "ஏலே தம்பி, இதுக்கா மருதையில இருந்து வந்துச்சு? புள்ளையத் தொடக்கூட இல்ல. சும்மா உக்காந்து பாக்குறதுக்கு நான் பத்தாதா? எனக்கு நீ நாப்பது ரூவா தரவேணாம், வெத்தல வாங்கிக் குடுத்தாப் போதும்."

"சும்மா இருக்கா. காதுல விழுந்திரப்போகுது."

"விழட்டுமே."

ஒரு மணி நேரம் ஆனபிறகு டீச்சர் என் மனைவியைப் பார்த்து, "பாப்பா வழக்கமா இந்நேரத்துக்கு என்னக்கா செய்யும்?" என்றார்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். வாசலில் பம்படித்துக்கொண்டிருந்தவர்தான் பதில் சொன்னார். "சக்கரத்தப் பாத்துக்கிட்டு இருக்கும் டீச்சர். ஊருக்கே தெரியுமே. இன்னைக்கு அத எங்கண்ணே ஒளிச்சு வச்சீக?"

போய் எடுத்துவந்து கவிழ்த்து வைத்தேன். மகள் வந்து உட்கார்ந்தாள். சுற்றிவிட்டேன். அழுகை நின்றது. அப்போது டீச்சர் சுவரோரத்திலிருந்து எழுந்து வந்து, பிள்ளைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தலையை அவள் தலை உயரத்துக்கு இறக்கி, அவள் பார்க்கிற பக்கமே பார்த்தார்.

"கம்பியெல்லாம் காணாமப் போயிருதுண்ணே" என்றார். "நல்லாத்தான இருக்கு."

ஆறு வருஷமாக நாங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளை என்ன பார்க்கிறது என்று ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை.

"இதப் போயி ஒளிச்சு வச்சுட்டீங்களே. இதத் தேடித்தான் நான் வந்தேன்" என்றார் டீச்சர்.

அப்புறம் விளக்கினார். சக்கரத்தைப் பிடுங்கக் கூடாது. சும்மாவும் சுற்றிவிடக் கூடாது. சக்கரம் நிற்கும், நாங்கள் பெடலில் கை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவள் எங்கள் கையைத் தொட்டால், அல்லது எங்கள் முகத்தைப் பார்த்தால், அந்த நொடியே "சுத்து" என்று நாங்கள் சொல்லிச் சுற்றிவிட வேண்டும். அது பழகினால் பிறகு தொட்டால் மட்டும் போதாது, ஒரு சத்தமாவது வர வேண்டும். பிறகு அந்தச் சத்தம் சொல்லாக வேண்டும். ஒரு படியில் கால் ஊன்றிய பிறகே அடுத்த படி.

எனக்கு மனதில் வேறொன்று இருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டேன். "டீச்சர், மொத வார்த்தை அப்பான்னு இருந்தா நல்லாருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. "அது ஒங்களுக்கு வேணுங்கிற வார்த்தைண்ணே. பாப்பா அதுக்கு வேணுங்கிறத மொதல்ல கேக்கட்டும். கேட்டாக் கெடைக்கும்னு தெரிஞ்சாத்தான் பேச்சு எதுக்குன்னே அதுக்குத் தெரியும்."

"எத்தன நாளாகும்?"

"தெரியாதுண்ணே."

"ஒரு உத்தேசமா?"

"உத்தேசமாச் சொன்னா நீங்க அன்னைக்கு ராத்திரியில இருந்து நாளெண்ண ஆரம்பிச்சிருவீங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்றார். பிறகு, "நான் வாரத்துல ரெண்டு மணி நேரந்தான். மிச்ச நேரம் பூராம் நீங்கதான் டீச்சர். பாப்பாவுக்குச் சொல்லிக்குடுக்குறத விட ஒங்களுக்குச் சொல்லிக்குடுக்கத்தான் நான் வாரேன்" என்றார்.

அக்காவுக்கு அது பிடிக்கவேயில்லை. "அப்ப நாப்பது ரூவா ஒனக்கு டியூசன் பீஸா?" என்று அன்று மாலை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

போகும்போது டீச்சர் ஒரு நோட்டைக் கொடுத்தார். கோடு போட்டுக் கட்டம் பிரித்திருந்தது. அழுகைக்கு முன்னால் என்ன நடந்தது, அழுகை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பிறகு நாங்கள் என்ன செய்தோம். இதைத் தினமும் எழுத வேண்டும். எனக்கு உள்ளுக்குள் ஒரு தெம்பு வந்தது. பெரிய படிப்புக் கேட்பார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். எடுத்த நேரம், விட்ட நேரம். இது நான் பிழைக்கிற பிழைப்பல்லவா?

"மொத ரெண்டு மூணு வாரம் அழுகை இப்ப இருக்கிறத விடக் கூடும். பயந்துறாதீங்க" என்று சொல்லித்தான் போனார். "மொதல்ல காலு, காது, வயிறு எல்லாம் பாத்துருங்க. நோவு ஒண்ணுமில்லன்னு தெரிஞ்ச பெறகு, பக்கத்துலயே உக்காந்திருங்க. விட்டுட்டுப் போகாதீங்க. ஆனா அழுகைக்குச் சக்கரம் சுத்தாதீங்க. தொட்டாத்தான் சுத்தணும்."

சொன்னது சுலபம். அதுவரை சக்கரம் நின்றால் ஒரு கத்தல், உடனே சுற்று. இப்போது கத்தினாலும் சக்கரம் நின்றபடியே இருந்தது. அவளுக்கு உலகமே மாறிப்போன மாதிரி இருந்திருக்க வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "என்னண்ணே, புள்ளைய அடிக்கிறீகளா?" என்று ஒருவர் கேட்டார். பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பொம்பளை கடைக்குள்ளேயே வந்து, "சுத்தித்தான் விடேன்யா, என்ன கொறஞ்சு போயிருவ?" என்று கேட்டு, தானே பெடலைப் பிடித்துச் சுற்றிவிட்டுப் போய்விட்டாள்.

அவளையாவது தடுக்கலாம். அக்காவை என்ன செய்வது? அக்காவுக்குப் பிள்ளை இல்லை. பாலவனத்தத்திலிருந்து வந்தால் பத்து நாள் தங்குவாள். என் மகள் அழுதால் அவளுக்கு நெஞ்சு தாங்காது. நாங்கள் திரும்பிப் பார்க்காத நேரம் போய்ச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பாள். சக்கரம் சுற்றுகிற சத்தம் அவளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

"மதினி, இப்பிடிச் செஞ்சா அது எப்பிடிக் கத்துக்கும்?" என்று ஒருநாள் என் மனைவி கேட்டேவிட்டாள்.

"கத்துக்கிட்டு என்ன கலெக்டராவா ஆகப்போகுது? புள்ள அழுகுது தாயி. ஒனக்குக் கல்லு மனசு."

"கல்லுதான் மதினி. நீங்க பத்து நாளைக்குச் சுத்துவீக. இவுக இருக்கிற வரைக்கும் இவுக சுத்துவாக. அப்புறம் யாரு வந்து சுத்துவா?"

அக்கா கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் மனைவி அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. எங்கள் இருவரில் பயந்தவன் நான், திடமானவள் அவள் என்று ஊரில் சொல்வார்கள். அவள் எங்கே போய் அழுகிறாள் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

நோட்டை நான்தான் எழுதினேன். அங்கேதான் தப்பு நடந்தது.

வாடகை சைக்கிள் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மணி நேரம் என்று எடுத்துப் போனவர் ஒரு மணி பத்து நிமிடத்தில் வந்தால் அந்தப் பத்து நிமிடத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டோம். சேர்த்தால் அடுத்த தடவை அவர் வேறு கடைக்குப் போய்விடுவார். தெரிந்தவர், தினம் வருகிறவர் என்றால் கால் மணிகூடத் தள்ளுவோம். விட்ட நேரம் எழுதும்போதே கை தானாகத் தள்ளி எழுதும். ஐந்து பத்தை நோட்டில் ஐந்து என்றுதான் எழுதுவோம். பத்து நிமிடத்துக்குள் போய் வந்துவிட்டவரை எழுதுவதேயில்லை.

என் மகளுடைய அழுகையையும் நான் அப்படித்தான் எழுதினேன். நாற்பது நிமிடம் அழுதால் அரை மணி. ஒன்றேகால் மணி அழுதால் ஒரு மணி. பத்து நிமிடத்துக்குள் ஓய்ந்துவிட்டால் எழுதவில்லை. ஊராருக்குத் தள்ளுகிறவன் சொந்தப் பிள்ளைக்குத் தள்ள மாட்டேனா? இதில் பொய் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை. முழுக்கத் தோன்றவில்லை என்றும் சொல்ல முடியாது. பெரிய பெரிய நேரமாக எழுதியிருந்தால் இந்தப் பிள்ளை தேறாது என்று டீச்சர் வராமல் நின்றுவிடுவாரோ என்று ஒரு பயம் உள்ளே இருந்தது. அந்தப் பயம்தான் நாளாக ஆக, நான் தள்ளுகிற கால் மணியை இருபது நிமிடமாக்கியது.

ஐந்தாவது சனிக்கிழமை டீச்சர் நோட்டைப் பார்த்து மகிழ்ந்துபோனார். "அழுகை நல்லா எறங்கிருக்கேண்ணே! இவ்வளவு சீக்கிரமா நான் எதிர்பாக்கல. அப்ப அடுத்த படிக்குப் போவோம். இனிமே தொட்டா மட்டும் பத்தாது. ஏதாவது ஒரு சத்தம் வரணும்."

நானும் மகிழ்ந்தேன். அந்த வாரம் முழுக்க அவள் வந்து என் கையைத் தொட்டாள். நான் சுற்றவில்லை. மறுபடி தொட்டாள். சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கையை ஊன்றித் தொட்டாள். அப்புறம் என் கையை விட்டுவிட்டுத் தன் கையையே கடித்துக்கொண்டாள். மணிக்கட்டில் பல் பதிந்து ரத்தம் கட்டிவிட்டது. அதற்கு முன்னால் அவள் தன்னைக் கடித்துக்கொண்டதே இல்லை. அடுத்த இரண்டு வாரமும் அப்படியே போனது. ஒரு கட்டத்தில் தொடுவதையும் நிறுத்திவிட்டாள். சக்கரத்துக்கு முன்னால் வந்து உட்கார்வதே குறைந்தது. தட்டியோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துக் கிடப்பாள்.

டீச்சருக்குப் பிடிபடவில்லை. ஒரு புதன்கிழமை, முறையில்லாத நாளில், விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்கினார். அந்தி வரை எங்களோடு இருந்தார். என்னைப் போலவே ஒரு தாளில் அவரும் நேரம் குறித்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து. சாயங்காலம் என் நோட்டை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணே, ஒங்க கடைக் கடியாரம் சரியா ஓடுதா?"

"சரியா ஓடும் டீச்சர். தினம் ரேடியோ நியூஸுக்கு வச்சுக்குவேன்."

"காலையில பத்தரையில இருந்து பதினொண்ணு இருவது வரைக்கும் அழுதுச்சு. அம்பது நிமிஷம். நீங்க அரை மணின்னு எழுதிருக்கீங்களே."

"அது கடை வழக்கந்தான் டீச்சர். முன்ன பின்ன பத்து நிமிஷம் கணக்குல வராது. தெரிஞ்சவுகன்னா கொஞ்சம் கூடத் தள்ளுறது."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டார். வாய்விட்டுச் சிரித்தார். "பாப்பாவுக்கு வாடகையில தள்ளுபடியா!" என்றார். என் மனைவியும் சிரித்தாள். நானும் அசடு வழியச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நோட்டின் பக்கங்களைப் பின்னால் புரட்டிக்கொண்டு வந்தவர், அந்த ஐந்தாவது சனிக்கிழமைப் பக்கத்தில் நின்றார். சிரிப்பு நின்றது.

"அப்ப அன்னைக்கு எறங்கவே இல்ல."

இல்லை என்று நான் தலையாட்டினேன்.

"எறங்கிருச்சுன்னு நெனச்சு நான் படி ஏத்திட்டேன். தொட்டாக் கெடைக்கும்னு பாதிதான் அதுக்குப் புரிஞ்சிருக்கு. அதுக்குள்ள தொட்டாலும் கெடையாதுன்னு ஆக்கிட்டோம். கேட்டுச்சுண்ணே பாப்பா. அது கேட்டுச்சு. நாமதான் குடுக்கல." நோட்டை மூடிவிட்டு, "எம்மேலயும் தப்புதான். நோட்ட நம்பிப் பிள்ளையப் பாக்காம விட்டுட்டேன்" என்றார்.

கேட்டது, நாம் கொடுக்கவில்லை. முள் குத்திய நாளை விட அந்தச் சொல் என்னை அதிகம் குத்தியது. எதற்காக இவ்வளவும் தொடங்கினோமோ, அந்தக் கேட்பது வந்திருக்கிறது. வந்து என் கையைத் தொட்டிருக்கிறது. நான் பெடலைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

மறுபடியும் முதல் படியிலிருந்து தொடங்கினோம். அவள் பக்கம் திரும்பினாலே சுற்றினோம். விரல் பட்டால் சுற்றினோம். தொட்டால் உடனே சுற்று, தொட்டால் உடனே சுற்று என்று இரண்டு மாதம். நோட்டில் நிமிடம் பிசகாமல் எழுதினேன். நாற்பத்தேழு நிமிடம் என்றால் நாற்பத்தேழு. எழுதும்போது கை கூசும். ஆனால் தள்ளவில்லை. அக்காகூட மாறிவிட்டாள். சக்கரத்தைச் சுற்றப்போகுமுன், "தொட்டுருச்சு, பாத்துக்கிருங்க, தொட்டுட்டுத்தான் நான் சுத்துறேன்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டுச் சுற்றுவாள். மணிக்கட்டுக் காயம் ஆறியது. நோட்டில் நேரம் குறைந்தது, இந்தத் தடவை உள்ளபடியே. நாற்பது, முப்பத்திரண்டு, இருபத்தாறு, ஒருநாள் ஒன்பது. அந்த ஒன்பதையும் எழுதினேன்.

மழை பிடித்த ஒரு சனிக்கிழமை, நான் வாசலில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் டீச்சரும் மகளும். சக்கரம் நின்றது. வழக்கமான அமைதி. அப்புறம் ஒரு குரல், இதற்கு முன் எங்கள் வீட்டில் கேட்காத ஒரு குரல், "த்து" என்றது. உடனே சக்கரம் சுற்றியது. மறுபடி நின்றது. "சுத்து."

டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கியபடியே இருந்தேன். கொப்புளம் வந்துகொண்டே இருந்தது. உள்ளே போகப் பயமாக இருந்தது. போனால் நின்றுவிடுமோ என்று. என் பிள்ளையின் குரல் எப்படி இருக்கும் என்று ஆறேமுக்கால் வருஷம் நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. என் தம்பி ஒருவன் சின்ன வயதில் தவறிப்போனான், அவன் குரல் அப்படி இருக்கும்.

டீச்சர் போனபின் நான் உட்கார்ந்து பெடலைப் பிடித்தேன். அவள் தொட்டாள். வாய் திறக்கவில்லை. என் மனைவிக்கும் திறக்கவில்லை. அடுத்த வாரமும் மகள் டீச்சரிடம் சொன்னாள், எங்களிடம் சொல்லவில்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அதைச் சொல்ல என்ன வெட்கம்?

"எங்கிட்டச் சொன்னதெல்லாம் கணக்குல வராதுண்ணே" என்றார் டீச்சர். "நான் விருந்தாளி. ஒங்ககிட்டச் சொல்லணும், அம்மாகிட்டச் சொல்லணும், அத்தைகிட்டச் சொல்லணும். அன்னைக்குத்தான் அது பேச்சு." அதற்கு ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு வாரமும் அவர் உட்காருகிற இடத்தை ஒரு முழம் பின்னால் தள்ளிக்கொண்டார். நான் ஒரு முழம் முன்னால் வந்தேன். கடைசியில் அவர் வாசல்படிக்கே வந்துவிட்டார். நான் சக்கரத்துக்குப் பக்கத்தில். மகள் என்னைத் தாண்டி அவரைத் தேடிப் பார்த்து "சுத்து" என்பாள். நான் சுற்றுவேன்.

அந்த மாதம் மழையில் சைக்கிள் ஓடவில்லை. இரண்டு வண்டிக்கு டயர் மாற்ற வேண்டி வந்தது. டீச்சரிடம், "அடுத்த வாரம் சேத்துத் தாரேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். "அதுக்கென்னண்ணே, எங்க போயிறப்போறீங்க" என்பார். நான் எங்கேயும் போகவில்லை. அவர்தான் போய்விட்டார். ஒரு சனிக்கிழமை வரவில்லை. காலை பஸ்ஸிலிருந்து நரிக்குடிக்குப் போகிற கடைசி பஸ் வரை ஒவ்வொன்றாக இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி, விபத்து என்று என் மனம் போகிற வழியில் போய்க்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை ஒரு இன்லேண்டு லெட்டர் வந்தது.

வெளியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, உடனே சேரச் சொல்லிவிட்டார்கள், நேரில் சொல்ல முடியாததற்கு மன்னிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். மீதி முழுக்கப் பாப்பாவைப் பற்றித்தான். அடுத்து தண்ணீர் என்ற சொல், அதற்கடுத்து வேண்டாம் என்ற சொல். ஒவ்வொன்றுக்கும் எப்படிக் காத்திருப்பது, எதைக் கொடுப்பது. மடிப்பின் ஓரம் வரை பொடி எழுத்தில் எழுதியிருந்தார். "நோட்டில் தள்ளுபடி வேண்டாம் அண்ணே" என்பது கடைசி வரி. போய்ச் சேர்ந்து விலாசம் எழுதுவதாகச் சொல்லியிருந்தார். பணத்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. விலாசமும் வரவில்லை.

அதற்குப்பிறகு மூன்று வாரம் மகள் வாசல்படியைப் பார்ப்பாள். யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டு, என் கையைத் தொடுவாள். சொல் இல்லை. நான் சுற்றுவேன். போய்விட்டது என்றே நினைத்தேன். டீச்சரோடு வந்த சொல் டீச்சரோடு பஸ்ஸேறிவிட்டது என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை முறைத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். கடையில் யாரோ ஒருவருடைய புதுச் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். மகளுக்காகக் கவிழ்த்ததல்ல. கை முழுக்க மசி. அவள் எப்போது தட்டியைத் தாண்டி வந்தாள் என்று தெரியாது. அந்த மசிக்கையின் மணிக்கட்டில் விரல்கள் பட்டன. வாசல்படியை அவள் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"சுத்து."

எனக்குக் கை ஓடவில்லை. நின்றேன். கண்ணில் தண்ணீர் முட்டி எதிரில் இருந்த சக்கரமே தெரியவில்லை. உள்ளேயிருந்து என் மனைவி போட்ட சத்தத்தில்தான் உயிர் வந்தது. "என்னங்க, சுத்துங்க! புள்ள கேட்டுருச்சுல்ல, சுத்துங்க! நின்னுக்கிட்டு இருக்கீக!"

சுற்றினேன். வண்டிக்காரர், "அண்ணே, மெதுவா, புது வண்டி" என்றார். கேட்காதவன் போல இன்னும் வேகமாகச் சுற்றினேன். கம்பியெல்லாம் காணாமல் போனது. கையைத் துடைக்காமலே நோட்டை எடுத்து நேரம் எழுதினேன். நாலு மணி பதினேழு நிமிடம். அந்தப் பக்கத்தில் இன்னும் என் கைரேகை மசியாக இருக்கிறது. யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

பணத்தை எடுத்துக்கொண்டு, நோட்டையும் எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். அவர் தங்கியிருந்த மாடி அறையில் வேறு இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கீழ்வீட்டுக்காரர் எந்த ஊர் என்று சொல்லவில்லையே என்றார். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அருப்புக்கோட்டை பஸ்ஸில் திரும்பி வந்தேன். அப்புறமும் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன்.

மகள் தண்ணீர் கேட்கக் கற்றாள். வேண்டாம் என்று சொல்லக் கற்றாள். அதை அக்காவிடம்தான் அதிகம் சொன்னாள். ஒன்பது வயதில் ஒருநாள், நொண்டிக்கொண்டே வந்து என் முன்னால் உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தன் உள்ளங்காலில் வைத்தாள். அங்கே முள் இருந்தது. அப்பா என்ற சொல் மட்டும் இன்றுவரை வரவில்லை. எங்களுக்குப் பிறகு யாரிடம் கேட்பாள் என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. ஆனால் கேட்பாள் என்று தெரியும். இப்போதும் சில சாயங்காலங்களில், வேலையாக நான் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும்போது, அவள் வருகிற காலடி கேட்டால், திரும்பாமல் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்க்கிறேன்.

வாடகை சைக்கிள் காலம் போய்விட்டது. நோட்டு இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அந்த மழை மாதத்துச் சனிக்கிழமைகள் நான்கும் வரிசையாக இருக்கின்றன, அவர் வந்த நேரம், போன நேரத்தோடு, ஒவ்வொன்றுக்கும் எதிரே நாற்பது என்று. கீழே கோடு போட்டுக் கூட்டி எழுதியிருக்கிறேன். டீச்சருக்குத் தர வேண்டிய பாக்கி, நூற்று அறுபது ரூபாய்.